எழுதுகோல் நம் கையில்: பிறமொழிக் கல்வியும் எழுத்துப் பழக்கமும் குறித்த ஒரு வரலாற்றுப் பார்வை

எண்ணையும் எழுத்தையும் மக்களுக்குரிய இரு கண்களாகக் கொண்டார் வள்ளுவர். அக்கண்கள் திறவாதபடி நெடுங்காலம் கட்டி வைக்கப்பட்டிருந்த மக்கள் நாம். நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், திறந்த கண்களால் நாம் எதைப் படிக்கிறோம், கைக்கு வந்த எழுதுகோலால் எதை எழுதுகிறோம் என்று சிறிது எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

ஆசிரியப் பணியில் நாள்தோறும் நான் காண்பன இரண்டு அச்சங்கள். ஒன்று, பிறமொழி பற்றிய அச்சம். ஆங்கிலம் என்றதும் தலைகுனிந்து கொள்ளும் பிள்ளைகள் இன்றும் நம் குடியிருப்புகளில் மிகுதி. மற்றொன்று, வெறுந்தாளைக் கண்டு கொள்ளும் அச்சம். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியிற் பயின்றவனிடம் உதவித்தொகை வரவில்லை என்று அலுவலர்க்கு ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னால், பக்கத்தில் இருப்பவன் தாளைப் பார்க்கிறான். தேர்வுக்கு மனப்பாடம் செய்த கட்டுரையை எழுதுகிறவன் தன் வீட்டுக் குறையைப் பத்து வரிகளில் எழுத மாட்டாதவனாய் நிற்கிறான். கைப்பேசியில் குரலைப் பதிந்து அனுப்பிவிடும் வசதி வந்தபின், எழுதும் வழக்கம் மேலும் குறைந்திருக்கிறது.

இவ்விரு அச்சங்களையும் வென்ற முன்னோர் நமக்கு உண்டு. அவர்கள் பிறமொழிகளைக் கற்றது பெருமைக்காகவன்று. தரகர் இல்லாமல் தம் வழக்கைத் தாமே எடுத்துரைப்பதற்காக. கற்ற மொழி அவர்களிடம் வலிமையாக மாறியதற்குக் காரணம், நாள்தோறும் எழுதி எழுதி அதனைக் கூர்மைப்படுத்திய பழக்கமே. இவ்வுண்மையை வரலாற்று வழி நின்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கைநாட்டுக் காலம்

எழுத்தறியாமையால் நம் மக்கள் இழந்தது என்ன என்பதற்குப் பஞ்சமி நிலத்தின் வரலாறு ஒன்றே போதுமான சான்றாகும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராய் இருந்த திரமென்கீர் என்னும் ஆங்கிலேயர், அம்மாவட்டத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் நிலையை ஆராய்ந்து 1891-இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அதன் பயனாய் 1892 செப்டம்பர் 30-ஆம் நாள் 1010 என்னும் எண்ணுள்ள அரசாணை பிறந்தது. நிலமற்ற நம் மக்களுக்குத் தரிசு நிலங்களை வழங்க அவ்வாணை வழி செய்தது. நிலத்தைப் பெற்றவர் பத்தாண்டுகள் வரை பிறர்க்கு விற்கலாகாது. அதன்பின் விற்பதாயினும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர்க்கே விற்றல் வேண்டும் என்னும் காப்பு விதிகளும் அவ்வழங்கலில் இடம்பெற்றன.

விதி தாளில் இருந்தது. தாளைப் படிக்கத் தெரிந்தவர் நம்மில் மிகச் சிலரே. ஊர்க் கணக்கு கணக்குப்பிள்ளையின் கையில் இருந்தது. கடன் பத்திரம் கடன் கொடுத்தவர் வீட்டில் எழுதப்பட்டது. நம் பாட்டனார் செய்ததெல்லாம் காட்டிய இடத்தில் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தது மட்டுமே. எழுதப்பட்டிருந்தது அடமானமா, குத்தகையா, கிரயமா என்று அவர் அறியார். சட்டத்தின் காப்பு இருந்தும் ஏராளமான பஞ்சமி நிலங்கள் கைமாறிப் போயின. வலியவர் மிரட்டலும் வறுமையும் இதற்குக் காரணங்களாய் இருந்தன என்பது உண்மையே. எனினும், தன் பெயரில் பிறர் எழுதிய எழுத்தைத் தான் படிக்க இயலாமை அவ்விரண்டுக்கும் துணை போயிற்று என்பதை மறுத்தல் இயலாது.

இவ்விருளில் விளக்கேற்றியவர் பலர். அவருள் மூவரை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

பண்டிதர் அயோத்திதாசர்

1845-இல் பிறந்து 1914-இல் மறைந்த பண்டிதர் அயோத்திதாசர் தமிழோடு வடமொழியும் பாலியும் ஆங்கிலமும் அறிந்தவர், சித்த மருத்துவர். அவருடைய பாட்டனார் கந்தப்பன் என்பார் ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியின் இல்லத்தில் பணியாற்றியவர். அவர் தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகிய ஓலைச்சுவடிகளை எல்லிஸ் துரையிடம் சேர்ப்பித்த செய்தியைப் பண்டிதர் தம் இதழில் குறித்துள்ளார். துரை வீட்டில் பணி செய்தவரின் குடிசையில் சுவடி இருந்தது என்பதையும், அச்சுவடியை உரியவரிடம் சேர்க்கும் அளவுக்கு அவர்க்கு இருமொழிப் பழக்கம் இருந்தது என்பதையும் நம் இளைஞர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். கல்வி நமக்குப் புதிதாக வந்த விருந்தன்று.

1898-இல் பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. பௌத்த நூல்களின் மொழியாகிய பாலியின் துணைகொண்டு, நம் மக்களின் பழைய வரலாற்றைத் தேடத் தொடங்கினார். பிறர் எழுதிவைத்த வரலாற்றில் தம் மக்களுக்கு இழிவே கற்பிக்கப்பட்டிருக்கக் கண்டவர், அதனை மறுக்க வேண்டுமாயின் அந்நூல்களின் மொழிகளையே அறிய வேண்டும் என்று உணர்ந்தவர் அவர். ஒரு மொழியைக் கற்பதற்கு வயது தடையாகாது என்பதற்கும் அவர் வாழ்க்கை சான்றாகும்.

1907 ஜூன் 19-ஆம் நாள் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழை அவர் தொடங்கினார். அடுத்த ஆண்டில் அது ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. தம் இறுதிக்காலம் வரை ஏறத்தாழ ஏழாண்டுகள் அதனை நடத்தினார். வார இதழ் என்றால் என்ன என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். உடல் நலமில்லை என்றோ, நோயாளிகள் மிகுதி என்றோ, கையில் காசில்லை என்றோ ஒரு வாரத்தைத் தள்ளிப்போட இயலாது. வாசகர் அனுப்பிய ஐயங்களுக்கு விடை எழுதினார், அரசியல் எழுதினார், மருத்துவம் எழுதினார், ‘இந்திரர் தேச சரித்திரம்’, ‘ஆதிவேதம்’ முதலியவற்றைத் தொடர்களாய் எழுதினார். பெருநூல் எழுதப் போகிறேன் என்று அவர் ஓரிடத்தில் ஒதுங்கி அமரவில்லை. வாரந்தோறும் எழுதியவையே நூல்களாய் வளர்ந்தன.

அவர் மறைவுக்குப்பின் பல்லாண்டுகள் தமிழ்நாட்டின் பொது வரலாறு அவரைப் பேசவில்லை. ஆயினும், அச்சில் ஏறிய எழுத்து அழியாது காத்திருந்தது. 1999-இல் ஞான. அலாய்சியஸ் அவ்விதழ்களினின்று தொகுத்து ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ என வெளியிட்டபோது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முற்பட்ட குரல் மீண்டும் ஒலித்தது. அவர் மேடையில் மட்டும் பேசிப் போயிருந்தால், இன்று நமக்கு எஞ்சியிருப்பது பெயர் ஒன்றாகவே இருந்திருக்கும்.

இரட்டைமலை சீனிவாசன்

செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் கோயமுத்தூரில் பயின்றவர். தம் சாதி உடன் பயில்வோர்க்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சி, அவர்களோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியிருந்த நிலையைப் பின்னாளில் அவரே எழுதியுள்ளார். அவ்வாறு அஞ்சியிருந்த மாணவர்தாம் 1893 அக்டோபரில் ‘பறையன்’ என்று தம் இதழுக்கே பெயர் சூட்டினார். எந்தச் சொல்லைக் கொண்டு பிறர் இழிவு செய்தனரோ, அச்சொல்லையே நிமிர்த்தி முகப்பில் அச்சிட்டார். ஏழாண்டுக் காலம் அவ்விதழ் நடந்தது.

அதே 1893-இல் இந்திய ஆட்சிப் பணித் தேர்வை இலண்டனில் நடத்துவது போலவே இந்தியாவிலும் நடத்தல் வேண்டும் என்னும் கோரிக்கை எழுந்தது. அவ்வாறு நடந்தால் உயர்சாதியினரே பதவிகளை நிறைத்து, எளிய மக்களை மேலும் ஒடுக்குவர் என்று சீனிவாசனார் கருதினார். கருதியதோடு நில்லாமல் 3,412 பேரிடம் கையொப்பம் பெற்று, ஆங்கிலப் பாராளுமன்றத்துக்கே ஒரு மனுவை அனுப்பினார். அவர் கொண்ட கருத்தை இன்று ஏற்போரும் இருக்கலாம்; மறுப்போரும் இருக்கலாம். நாம் காண வேண்டியது வேறு. சேரியின் குரல் கடல் கடந்து பாராளுமன்றத்தை எட்டியது. அதனைச் சுமந்து சென்றது ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு மனு.

பின்னர் அவர் கடல் கடந்து ஆப்பிரிக்கா சென்றார். தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றினார். காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவர் இவரே என்பர். மொழிபெயர்ப்பாளர் பணி எத்தகையது என்பதை எண்ணுக. ஒரு சொல் பிறழ்ந்தால் ஒருவன் சிறை செல்வான்; ஒரு சொல் சரியாக அமைந்தால் விடுதலை பெறுவான். சொல்லின் எடையை நிறுத்துப் பார்க்கும் அப்பயிற்சி, தாயகம் திரும்பியபின் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது.

1923-இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான அவர், 1924-இல் ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார். எந்த வகுப்பைச் சார்ந்தவரும் எந்த ஊரிலும் பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் நடப்பதற்குத் தடையில்லை என்பதும், பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றைச் சாதி இந்துக்கள் பயன்படுத்தும் முறையிலேயே, அவர்கள் பயன்படுத்தும் அளவிலேயே பயன்படுத்தலாம் என்பதும் அதன் சாரம். இதன் சொல்லமைப்பைக் கூர்ந்து நோக்குவீர்களாக. ‘சாலை’ என்று மட்டும் எழுதியிருந்தால், இது சாலையன்று, பாதை என்று ஒருவன் மறித்திருப்பான். ‘பயன்படுத்தலாம்’ என்று மட்டும் எழுதியிருந்தால், ஓரமாய் நின்று பயன்படுத்து என்றிருப்பான். வஞ்சகன் நுழையக்கூடிய ஓட்டை ஒவ்வொன்றையும் முன்னுணர்ந்து அடைத்த எழுத்து அது. நல்ல எழுத்து என்பது அலங்காரமான எழுத்து என்று நம் மாணவர்கள் எண்ணுகின்றனர். யார் படித்தாலும் வேறு பொருள் கொள்ள இடந்தராத எழுத்தே நல்ல எழுத்து.

அறிஞர் அம்பேத்கர்

மொழிக் கல்வியையும் எழுத்துப் பழக்கத்தையும் ஒருங்கே காண விரும்புவோர் அறிஞர் அம்பேத்கரின் வாழ்வையே பாடநூலாகக் கொள்ளலாம்.

அவருக்கு முதல் ஆங்கில ஆசிரியர் அவருடைய தந்தையார் இராம்ஜி. படைப்பிரிவின் பள்ளியில் ஆசிரியராய் இருந்தவர் அவர். மராத்தியிலிருந்து ஆங்கிலத்துக்கும், ஆங்கிலத்திலிருந்து மராத்திக்கும் மொழிபெயர்க்கும் பயிற்சியை மகனுக்கு இடைவிடாது தந்தார். புத்தகம் வாங்கப் பணமில்லாதபோது, மணமாகிச் சென்ற மகள்களிடம் சென்று கடன் கேட்பார். இல்லையேல் அவர்களுடைய நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் தருவார். நம் ஊர்களில் நகை அடகுக்குப் போவது புதிதன்று. புத்தகத்துக்காகப் போன நகை எத்தனை என்று ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வோமாக.

உயர்நிலைப் பள்ளியில் அவர் வடமொழி பயில விரும்பினார். தீண்டப்படாதவர்க்கு வடமொழி கற்பிக்கலாகாது என்று மறுக்கப்பட்டமையால் பாரசீகம் பயின்றார். ஒரு மொழியின் கதவை அடைத்தபோது அவர் மொழிக் கல்வியையே வெறுத்துவிடவில்லை. திறந்திருந்த வேறொரு கதவின் வழியே நுழைந்தார். 1907-இல் மெட்ரிக்குலேஷன் தேறி, 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்று, 1913-இல் நியூயார்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளாதாரத்திலும் வரலாற்றிலும் எண்ணற்ற பாடங்களை எடுத்துக்கொண்ட அவர், அவற்றோடு பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் தொடக்கநிலைப் பாடங்களையும் பயின்றார். கல்லாத மொழியில் முதலெழுத்தில் தொடங்கிக் கற்பதற்கு அப்பேரறிஞர் நாணவில்லை. அதன் பயன் 1921-இல் தெரிந்தது. ஜெர்மனி நாட்டுப் பான் பல்கலைக்கழகத்தில் இடம் வேண்டி அவர் எழுதிய விண்ணப்பம் ஜெர்மன் மொழியிலேயே அமைந்திருந்தது.

எழுத்தில் அவர் பட்ட பாடு இன்னும் படிப்பினை மிக்கது. 1917-இல் அவர் தாயகம் திரும்புகையில் தனியாக ஒரு கப்பலில் அனுப்பிய நூல்களும் பொருள்களும், அக்கப்பல் போரில் தாக்குண்டு மூழ்கியமையால் கடலுட் போயின. 1922-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் டி.எஸ்ஸி. பட்டத்துக்காக அளித்த ரூபாய் பற்றிய ஆய்வேட்டைத் திருத்தி எழுதித் தருமாறு தேர்வாளர்கள் பணித்தனர். கையிலிருந்த பணம் தீர்ந்து பம்பாய் திரும்பிய அவர், அங்கிருந்தபடியே திருத்தி எழுதி அனுப்பினார். 1923-இல் பட்டம் வந்தது. உலகம் போற்றும் எழுத்தாளர்க்கும் முதற்படியைத் திருத்தி எழுத வேண்டி வந்ததெனில், ஒரே மூச்சில் எழுதிய தாளை மறுமுறை படியாமல் நீட்டுகின்ற நம் பிள்ளைகள் இதனை உணர வேண்டாவா?

ஆங்கிலத்தில் இத்தனை வல்லவராய் இருந்தும் அவர் தம் தாய்மொழியைக் கைவிடவில்லை. 1920 ஜனவரி 31-ஆம் நாள் ‘மூக்நாயக்’ இதழையும், 1927 ஏப்ரலில் ‘பகிஷ்கிருத் பாரத்’ இதழையும் மராத்தியில் தொடங்கினார். பின்னதன் பக்கங்களில் பெரும்பகுதியைத் தாமே எழுதி நிரப்பினார். ஆள்வோர்க்கு உரைக்க ஆங்கிலம். தம் மக்களுக்கு உரைக்க மராத்தி. பண்டிதர் அயோத்திதாசரும் சீனிவாசனாரும் கொண்ட நெறியும் இதுவே. தமிழைச் செம்மையாக எழுதத் தெரியாதவன் ஆங்கிலத்தில் திறமை பெற்றுவிடுவான் என்று நம்புவது, அடித்தளம் இல்லாமல் மாடி கட்டுவதை ஒக்கும்.

இலண்டனில் ஒரு மனு

தெற்கே கிளம்பிய ஓடையும் மேற்கே கிளம்பிய ஓடையும் 1930-இல் இலண்டனில் ஒன்று கூடின. வட்டமேசை மாநாட்டுக்குத் தாழ்த்தப்பட்ட வகுப்பினரின் சார்பில் அழைக்கப்பட்டவர் இருவர்: அறிஞர் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன். ஒருவர் மராத்தியர், மற்றவர் தமிழர். ஒருவர் மொழி மற்றவர்க்குத் தெரியாது. இருவருக்கும் பொதுவாய் அமைந்தது ஆங்கிலம். அம்மொழியில் அவ்விருவரும் இணைந்து, எதிர்கால இந்திய அரசியல் சட்டத்தில் தாழ்த்தப்பட்டோர்க்கு வேண்டிய பாதுகாப்புகளைப் பற்றிய ஒரு திட்டத்தைச் சிறுபான்மையோர் துணைக்குழுவிடம் அளித்தனர்.

அம்மனுவில் கண்ணீரும் புலம்பலும் இல்லை. எட்டு நிபந்தனைகள் வரிசையாக நிற்கின்றன. சமக் குடியுரிமை, உரிமைகளைத் தடையின்றித் துய்த்தல், வேற்றுமை பாராட்டுதலினின்று காப்பு, சட்டமன்றங்களில் போதிய இடம், அரசுப் பணிகளில் போதிய இடம், நலன்கள் புறக்கணிக்கப்படின் பரிகாரம், நம் மக்களுக்கெனத் தனித் துறை, அமைச்சரவையில் பங்கு என்பன அவை. ஒவ்வொன்றின் கீழும் அதற்குரிய சட்ட வாசகம் எப்படி அமைய வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருந்தது. பின்னாளில் நம் அரசியலமைப்பில் இடம்பெற்ற தீண்டாமை ஒழிப்பு, இட ஒதுக்கீடு ஆகியவற்றின் வித்துகளை அத்தாள்களில் காணலாம். கைநாட்டு வைத்த மக்களின் பிள்ளைகள் இருவர், ஒரு நாட்டின் சட்டத்துக்கு முன்வரைவு எழுதினர்!

1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினரான அம்பேத்கர், அவ்வாண்டு அக்டோபர் 29-ஆம் நாளிட்டு நம் மக்களின் குறைகளைப் பற்றி நீண்டதொரு மனுவை அளித்தார். பிற சமூகத்தாரின் கல்விக்கு அரசு எத்துணைத் தொகை தருகிறது என்பதைக் கணக்குக் காட்டி, நம் மாணவர்க்கும் அதற்கொப்பத் தொகை கேட்டார். மூன்று இலட்சம் ரூபாய் ஒதுக்கப்பட்டது. மாணவர் சிலர் மேற்படிப்புக்காக வெளிநாடும் சென்றனர். மெட்ரிக்குலேஷனுக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை 1944-இல் தொடங்கிற்று. இம்மலரைப் படிக்கும் பட்டதாரிகளுள் அவ்வுதவித்தொகையைப் பெறாதவர் சிலராகவே இருப்பர். நம் கல்லூரிக் கட்டணம் ஒரு காலத்தில் ஒருவர் இரவில் விழித்திருந்து எழுதிய மனுவிலிருந்து வந்தது என்பதை மறத்தல் நன்றியாகாது.

இறுதி நாள் வரை அவர் எழுதினார். பாலி மொழிக்கு அவர் தொகுத்த அகராதியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி, குஜராத்தி ஆகிய மொழிகளில் பொருள் தரப்பட்டுள்ளது. 1956 டிசம்பர் 5-ஆம் நாள் இரவு, ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலின் முன்னுரையைப் பார்ப்பதற்காகத் தம் மேசைமேல் வைக்கச் சொன்னார். மறுநாட் காலையில் அவர் உயிரோடில்லை. இளமையில் மறுக்கப்பட்ட வடமொழிக்கு மாறாகப் புத்தர் பெருமானின் மொழியை முதுமையில் தமதாக்கிக்கொண்டு அவர் விடைபெற்றார்.

பெண்மக்களுக்கும் இவ்வரலாற்றில் முன்மாதிரி உண்டு. 1904-இல் இரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் தமிழ், ஆங்கிலம், தெலுங்கு, இந்தி ஆகிய மொழிகளில் வல்லவர். 1928-இல் சைமன் குழுவை ஆதரித்து மேடையேறிப் பேசியபோது அவர் இருபதுகளிலேயே இருந்தார்.

இனி நாம் செய்ய வேண்டுவன

முன்னோர் பெருமை பேசி அமர்ந்துவிடுவது எளிது. அவர்கள் செய்ததைச் சிறிய அளவிலேனும் நாமும் செய்தல் வேண்டும். என் ஆசிரிய அனுபவத்தில் பயன்தரக் கண்ட சில பழக்கங்களை இளைஞர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலாவது, நாள்தோறும் பத்து வரி எழுதுக. அன்று கண்டது, கேட்டது, செலவிட்டது எதுவாயினும் ஆகுக. நாளும் ஊரும் குறித்து, தமிழில், முழு வாக்கியங்களாக எழுதுக. ஓராண்டில் மூவாயிரத்து அறுநூறு வரிகளுக்கு மேல் உங்கள் கையால் எழுதப்பட்டிருக்கும். அதன்பின் வெறுந்தாள் உங்களை அச்சுறுத்தாது.

இரண்டாவது, இராம்ஜி தம் மகனுக்குத் தந்த பயிற்சியை மேற்கொள்க. ஆங்கில நாளிதழில் ஐந்து வரிகளைத் தமிழாக்குக. இரண்டு நாள் கழித்து, மூலத்தைப் பாராமல் அத்தமிழை ஆங்கிலமாக்குக. பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்தச் சொல் விடுபட்டது, எந்த வினை பிழைத்தது என்பதை நீங்களே காண்பீர்கள். இதற்கு ஓர் அகராதியும் ஒரு குறிப்பேடும் போதும்.

மூன்றாவது, எழுதியதை மறுநாள் படித்துத் திருத்தி எழுதுக. இரு முறை வந்த சொல்லை நீக்குக. நீண்ட வாக்கியத்தை இரண்டாக்குக. உரக்கப் படித்தால் தடுமாறும் இடமே பிழையுள்ள இடம்.

நான்காவது, மனு எழுதக் கற்றுக்கொள்க. அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, நாள் என்னும் வரிசை எளியதே. ஒரு மனுவில் ஒரு குறையை மட்டும் எழுதுக. என்ன நடந்தது, எந்நாளில் நடந்தது, என்ன வேண்டும் என்னும் மூன்றும் அதில் இருந்தாற் போதும். படி ஒன்றை வைத்துக்கொள்க. கொடுத்ததற்கு ஒப்புகை பெறுக. குறை தீர்க்க வேண்டி எந்த அலுவலர்க்கும், ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் மனுச் செய்யும் உரிமையை நம் அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவு அளித்துள்ளது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையையும் தந்துள்ளது. இவ்விரு வாயில்களும் எழுதத் தெரிந்தவர்க்கே எளிதில் திறக்கும்.

ஐந்தாவது, ஆங்கிலத்தோடு நின்றுவிடாதீர்கள். சென்னையில் ஜெர்மன் மொழியை மாக்ஸ் முல்லர் பவனும், பிரெஞ்சு மொழியை அலியான்ஸ் பிரான்சேயும் கற்பிக்கின்றன. தாழ்த்தப்பட்ட மாணவர் வெளிநாடு சென்று மேற்படிப்புப் பயில ஒன்றிய அரசின் உதவித்தொகைத் திட்டம் 1954 முதல் நடைமுறையில் உள்ளது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல கேட்கும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வில் எழுத்துப் பகுதிக்கு ஒரு மணி நேரம் உண்டு. அதற்குள் 150 சொற்களுக்குக் குறையாமல் ஒன்றும், 250 சொற்களுக்குக் குறையாமல் ஒன்றும் எழுதியாக வேண்டும். மனப்பாடம் அங்கே துணை வராது. நாள்தோறும் எழுதிய கையே துணை வரும்.

நம் கல்விச் சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். மாலை வகுப்புகளில் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கல் வேண்டும். சங்கக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்பை முறைவைத்து இளைஞர்களையே எழுதச் செய்தல் வேண்டும். நம் குடியிருப்பில் முதியோர் ஓய்வூதியம், பட்டா, சாதிச் சான்று முதலியவற்றுக்காக அலையும் பெரியவர்களுக்கு, நம் மாணவர்களே அமர்ந்து மனு எழுதித் தருதல் வேண்டும். எழுதும் முன் அவர்கள் சொல்வதை முழுதும் கேட்டு, எழுதியபின் அவர்களுக்கே படித்துக் காட்டி, அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே கையொப்பமோ கைநாட்டோ பெறுதல் வேண்டும். நம் பாட்டனார்க்கு மறுக்கப்பட்டது அந்தப் படித்துக்காட்டல்தான்.

ஒரு காலத்தில் நமக்காகப் பிறர் எழுதினர். நம்மைப் பற்றியும் பிறரே எழுதினர். அந்நிலையை மாற்ற ஒருவர் முதுமையில் பாலியைத் துணைகொண்டார். ஒருவர் கடல் கடந்து மொழிபெயர்த்தார். ஒருவர் ஆறேழு மொழிகளைத் தேடிச் சென்று கற்றார். அவர்கள் மீட்டுத் தந்த எழுதுகோல் இன்று நம் கையில் இருக்கிறது. அதனை நாள்தோறும் பயன்படுத்துவோமாக. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் நம் சங்கம் பொன்விழாக் காணும்போது, அம்மலரின் பக்கங்களை இன்றைய மாணவர்களே எழுதி நிரப்புவார்களாக!

வளர்க நம் கல்விச் சங்கம்! வாழ்க நம் இளைஞர் சமுதாயம்!